ஹாரி குரோ பக்

ஹாரி குரோ பக் (1884 – 1943) இந்தியாவில் உடற்கல்வியை ஒரு படிப்பாகவும் ஆசிரியத் தொழிலாகவும் நிலைநிறுத்திய அமெரிக்கர் ஆவார். ஒய். எம். சி. ஏ. எனப்படும் கிறித்தவ இளைஞர் சங்கத்தின் பணியாளராகச் சென்னைக்கு வந்த இவர், 1920 இல் அங்கு ஓர் உடற்கல்விப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அப்பள்ளியே பின்னாளில் நந்தனத்தில் உள்ள ஒய். எம். சி. ஏ. உடற்கல்வியியல் கல்லூரியாக வளர்ந்தது. 1924 ஆம் ஆண்டு பாரிசு ஒலிம்பிக் போட்டிகளுக்குச் சென்ற இந்திய அணியின் மேலாளராக இவர் பணியாற்றினார். 1927 இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் அமைவதற்கு உழைத்தவர்களுள் இவரும் ஒருவர். இந்திய உடற்கல்வியின் தந்தை என இவர் குறிப்பிடப்படுகிறார்.

கல்லூரி, பல்கலைக்கழகம், மாநிலம், நாடு என்று படிப்படியாக மேலே செல்லும் இன்றைய விளையாட்டுப் போட்டி அமைப்பு, ஒவ்வொரு படியிலும் பயிற்சி பெற்ற ஆசிரியர்களையும் நடுவர்களையும் நம்பியே நடைபெறுகிறது. அத்தகையோரை உருவாக்கும் பணியைத் தென்னிந்தியாவில் தொடங்கிவைத்தது பக்கின் முதன்மையான பங்களிப்பாகும்.

பிறப்பும் கல்வியும்

பக் ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், சசுகுவேகன்னா ஆற்றங்கரையில் உள்ள லிவர்பூல் என்னும் சிற்றூரில் 1884 இல் பிறந்தார். மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இருந்த ஒய். எம். சி. ஏ. பயிற்சிக் கல்லூரியில் உடற்கல்வி பயின்றார். இது இன்று ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரி என்று அழைக்கப்படுகிறது.

1885 இல் தொடங்கப்பட்ட அக்கல்லூரி, உடற்கல்வி வரலாற்றில் தனியிடம் பெற்றது. அங்கு ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் நெய்சுமித் 1891 டிசம்பரில் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கினார். அங்கு பயின்ற வில்லியம் மார்கன், 1895 இல் அருகிலிருந்த ஹோலியோக் நகர ஒய். எம். சி. ஏ.வில் கைப்பந்தாட்டத்தை வகுத்தார். லூதர் குலிக் என்பவர் உடல், மனம், ஆன்மா ஆகிய மூன்றையும் மூன்று பக்கங்களாகக் காட்டும் முக்கோணத்தை ஒய். எம். சி. ஏ.வின் சின்னமாக முன்வைத்தார். விளையாட்டு என்பது பொழுதுபோக்கோ படைப்பயிற்சியோ அன்று, கல்வியின் ஒரு கூறு என்பது அங்கு கற்பிக்கப்பட்ட அடிப்படைக் கருத்து. பக் சென்னைக்குக் கொண்டுவந்ததும் இக்கருத்தே.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சூழல்

பக் வளர்ந்த காலத்தில் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு பெரும் குழப்பத்தில் இருந்தது. கல்லூரிகளுக்கிடையே கால்பந்துப் போட்டிகள் (அமெரிக்க முறை) பெரும் கூட்டத்தை ஈர்த்தன. ஆனால் யார் ஆடலாம் என்பதற்குப் பொதுவான விதி இல்லை. படிக்காதவர்களும் கூலிக்கு ஆடுபவர்களும் கல்லூரிச் சட்டை அணிந்து களமிறங்கினர்.

இதைக் கட்டுப்படுத்த, பர்டியூ பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் ஸ்மார்ட் 1895 சனவரியில் மேற்குப் பகுதிப் பல்கலைக்கழகங்களின் தலைவர்களைச் சிகாகோவில் கூட்டினார். அதன் தொடர்ச்சியாக, 1896 பிப்ரவரியில் ஏழு பல்கலைக்கழகங்களின் ஆசிரியப் பிரதிநிதிகள் சேர்ந்து மேற்கு மாநாடு என்னும் கூட்டமைப்பை அமைத்தனர். இதுவே பின்னாளில் "பிக் டென்" என்று பெயர் பெற்றது. ஒரு வட்டாரத்தைச் சேர்ந்த சில கல்லூரிகள் தமக்குள் விதி வகுத்து, தமக்குள்ளேயே ஆடி, தமக்குள் ஒரு வெற்றியாளரைத் தீர்மானிக்கும் இம்முறைக்கு அந்நாட்டில் "மாநாடு" என்றே பெயர் வழங்கலாயிற்று. உறுப்பினர்கள் விலகுவதும் சேர்வதும் தொடக்கத்திலேயே நிகழ்ந்தன. விதிகளோடு முரண்பட்ட மிச்சிகன் பல்கலைக்கழகம் 1908 இல் வெளியேறி, 1917 இல் மீண்டும் சேர்ந்தது.

1905 ஆம் ஆண்டு ஆட்டப் பருவத்தில் மைதானங்களில் பல இளைஞர்கள் உயிரிழந்தனர். குடியரசுத் தலைவர் தியோடர் ரூசவெல்ட் முன்னணிக் கல்லூரிகளின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். இதைத் தொடர்ந்து 1906 இல் நாடு தழுவிய கல்லூரி விளையாட்டுச் சங்கம் ஒன்று உருவாகி, 1910 இல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் என்னும் பெயரைப் பெற்றது. விதி, நடுவர், தகுதிச் சான்று ஆகியன இல்லாமல் போட்டி நடத்துவது ஆபத்தானது என்பதை அத்தலைமுறை உடற்கல்வியாளர்கள் நேரில் கண்டிருந்தனர். பக் அத்தலைமுறையைச் சேர்ந்தவர்.

சென்னைக்கு வருகை

முதல் உலகப் போர் முடிந்த பின்னர் பக்கும் அவருடைய மனைவி மேரி பக்கும் சென்னைக்கு வந்து சேர்ந்தனர். சென்னை ஒய். எம். சி. ஏ. 1890 இல் டேவிட் மெக்கொனாகி என்பவரால் தொடங்கப்பட்டது. எஸ்பிளனேடு பகுதியில் அமைந்த அதன் தலைமைக் கட்டடம், பிலடெல்பியா நகர வணிகர் ஜான் வானமேக்கரின் கொடையால் எழுந்ததாகும். 1908 இலேயே ஜே. எச். கிரே என்னும் மருத்துவர் கல்கத்தாவுக்கு வந்து, இந்திய ஒய். எம். சி. ஏ.வின் உடற்பயிற்சிப் பணிகளைத் தொடங்கியிருந்தார்.

அக்காலச் சென்னையில் விளையாட்டு பெரும்பாலும் மன்றங்களைச் சார்ந்திருந்தது. 1846 இல் அமைந்த சென்னைக் கிரிக்கெட் மன்றம் ஐரோப்பியர்களுக்கு உரியதாக இருந்தது. இந்தியர்களுக்கென ஒரு மன்றம் வேண்டும் என்று புச்சி பாபு நாயுடு 1888 இல் சென்னை ஐக்கிய மன்றத்தை நிறுவினார். ஐரோப்பியர் அணியும் இந்தியர் அணியும் பொங்கல் நாட்களில் சேப்பாக்கத்தில் மோதிய மாகாண ஆட்டம், ஆண்டின் பெரிய விளையாட்டு நிகழ்வாக விளங்கியது. மாநிலக் கல்லூரி, கிறித்தவக் கல்லூரி, பச்சையப்பன் கல்லூரி முதலியவற்றின் மாணவர்கள் கிரிக்கெட், கால்பந்து, வளைகோற்பந்து ஆகியவற்றை ஆடினர். எனினும் ஆடியவர்கள் சிலரே. ஏனைய மாணவர்கள் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தனர்.

பள்ளிகளில் நிலைமை இன்னும் எளிமையானது. படையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் "டிரில் மாஸ்டர்" என்னும் பெயரில் அமர்த்தப்படுவார். மாணவர்களை வரிசையில் நிறுத்தி, ஆணைகளுக்கு ஏற்பக் கைகால்களை அசைக்கச் செய்வதே அவருடைய வேலை. மற்ற ஆசிரியர்களுக்கு இணையான ஊதியமோ மதிப்போ அவருக்குக் கிடைக்கவில்லை. உடற்பயிற்சி நேரம் மாணவர்களுக்குத் தண்டனை நேரமாகவே தோன்றியது.

உடற்கல்விப் பள்ளி

1920 இல் எஸ்பிளனேடு ஒய். எம். சி. ஏ. வளாகத்தில், ஐந்து மாணவர்களுடன் பக் தம் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். கருவிகள் மிகக் குறைவாகவே இருந்தன. விரைவில் பள்ளி ராயப்பேட்டைக்கு மாறியது. அதன் பின்னர், அன்று சைதாப்பேட்டை என்று குறிப்பிடப்பட்ட பகுதியில் அடையாற்றங்கரையை ஒட்டி ஏறத்தாழ 65 ஏக்கர் நிலம் கிடைத்தது. கல்லூரி இன்றும் அங்கேயே, தற்போது நந்தனம் எனப்படும் பகுதியில் இயங்கி வருகிறது. தெற்காசியாவில் உடற்கல்விக்கென்றே அமைந்த முதல் கல்லூரியாக இது குறிப்பிடப்படுகிறது.

தொடங்கப்பட்ட காலம் எளிதானதன்று. ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் பரவிய ஆண்டு அது. அரசுப் பள்ளிகளையும் கல்லூரிகளையும் புறக்கணிக்குமாறு மாணவர்களுக்கு அழைப்பு விடுக்கப்பட்டிருந்தது. அச்சூழலில் ஓர் அமெரிக்கர், கிறித்தவ அமைப்பின் பெயரால், பட்டம் பெற்ற இளைஞர்களை மைதானப் பணிக்கு வருமாறு அழைத்தார். அப்பணி மதிப்பற்றது என்று கருதப்பட்ட காலத்தில் அவ்வழைப்பை ஏற்க மாணவர்களுக்கும் துணிவு தேவைப்பட்டது.

பயிற்சியின் நோக்கம்

சிறந்த வீரர்களை உருவாக்குவதற்கு முன், சிறந்த ஆசிரியர்களை உருவாக்க வேண்டும் என்பது பக்கின் அணுகுமுறை. ஒரு வீரர் தாம் ஆடும் காலம் வரையில் மட்டுமே பயன்படுவார். ஓர் ஆசிரியரோ ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான மாணவர்களை மைதானத்துக்கு அழைத்து வருவார். ஆகவே உடலமைப்பியல், உடலியங்கியல், முதலுதவி, கற்பிக்கும் முறை ஆகியவையும் விளையாட்டுகளோடு சேர்த்துக் கற்பிக்கப்பட்டன. டிரில் மாஸ்டரின் இடத்தில், மற்ற ஆசிரியர்களோடு ஒரே அறையில் அமரத்தக்க உடற்கல்வி ஆசிரியர் ஒருவரை வைப்பது இப்படிப்பின் நோக்கமாக இருந்தது.

சென்னை மாகாண அரசும் உடற்கல்வி தொடர்பாகப் பக்கின் ஆலோசனையைப் பெற்றது. இந்தியாவின் பல மாகாணங்களிலிருந்தும் இலங்கை, பர்மா ஆகிய நாடுகளிலிருந்தும் மாணவர்கள் இங்கு வந்து பயின்றனர்.

நூலும் இதழும்

ஓர் ஊரில் ஆடப்படும் விதி மற்றோர் ஊரில் செல்லாது என்பது அக்கால விளையாட்டின் பெரிய குறை. சடுகுடு ஆட்டமே இதற்குச் சான்று. தமிழகத்தில் சடுகுடு, வங்கத்தில் ஹாடுடு, மராட்டியத்தில் ஹுதுது என்று பெயரும் விதியும் இடத்துக்கு இடம் வேறுபட்டன. ஆடுகளத்தின் அளவு, ஆட்டக்காரர் எண்ணிக்கை, வெளியேறியவர் மீண்டும் சேரும் முறை ஆகியவை ஒத்துப்போகாத இரு ஊர் அணிகள் போட்டியிட்டால், ஆட்டத்தை விட வாக்குவாதமே நீண்டது.

பக் விளையாட்டு விதிகளைத் தொகுத்து ஒரு நூலாக வெளியிட்டார். ஒய். எம். சி. ஏ. பதிப்பகத்தின் வழியாக வெளிவந்த அந்நூல், உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் நடுவர்களுக்கும் கையேடாகப் பயன்பட்டது. கல்லூரியிலிருந்து "வியாயாம்" என்னும் உடற்கல்வி இதழும் வெளிவந்தது.

பாரிசு ஒலிம்பிக், 1924

1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக் போட்டிகளுக்கு ஆறு பேர் கொண்ட இந்திய அணி சென்றது. நால்வர் தடகள வீரர்கள், இருவர் மல்யுத்த வீரர்கள். தொழிலதிபர் சர் தோரப்ஜி டாட்டாவின் முயற்சியாலும் பொருளுதவியாலும் அமைந்த அணி அது. அதற்குப் பின்னால் நாடு தழுவிய அமைப்போ, தேர்வு முறையோ இருக்கவில்லை.

அடுத்த ஒலிம்பிக்கை முன்னிட்டு, 1923–24 இல் அனைத்திந்திய ஒலிம்பிக் குழு ஒன்று தற்காலிகமாக அமைக்கப்பட்டது. 1924 பிப்ரவரியில் அனைத்திந்திய ஒலிம்பிக் விளையாட்டுகள் நடத்தப்பட்டு, பாரிசுக்குச் செல்லும் வீரர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். தடகள வீரர்களும் டென்னிசு ஆட்டக்காரர்களும் அடங்கிய அவ்வணிக்குப் பக் மேலாளராக நியமிக்கப்பட்டார். தடை தாண்டும் ஓட்டத்தில் பங்கேற்ற சி. கே. லட்சுமணன், நீளம் தாண்டுதலில் பங்கேற்ற தலீப் சிங் ஆகியோர் அவ்வணியில் இடம்பெற்றிருந்தனர். கண்ணூரைச் சேர்ந்த லட்சுமணன் பின்னாளில் இந்திய அரசின் சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநராக உயர்ந்தார். டென்னிசில் சிட்னி சேக்கப் காலிறுதி வரை முன்னேறினார்.

தடகளத்தில் பதக்கம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் ஒரு மாற்றம் நிகழ்ந்திருந்தது. 1920 இல் ஒருவருடைய ஆர்வத்தாலும் பணத்தாலும் சென்ற அணி, 1924 இல் தேர்வுப் போட்டி நடத்தி அனுப்பப்பட்ட அணியாக மாறியது.

இந்திய ஒலிம்பிக் சங்கம்

தேர்வுப் போட்டி ஆண்டுக்கு ஆண்டு நடைபெற வேண்டுமெனில், ஒவ்வொரு மாகாணத்திலும் ஒரு சங்கம் இருக்க வேண்டும். அச்சங்கத்துக்குக் கீழே மாவட்டங்களும் பள்ளி, கல்லூரிகளும் இணைய வேண்டும். இப்பணியில் ஒய். எம். சி. ஏ.வைச் சேர்ந்த பக்கும் மருத்துவர் ஏ. ஜி. நோரனும் தோரப்ஜி டாட்டாவுக்குத் துணைநின்றனர். லாகூர் அரசுக் கல்லூரியைச் சேர்ந்த குரு தத் சோந்தி பஞ்சாபில் இதே பணியில் ஈடுபட்டார்.

1927 இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் முறையாக அமைக்கப்பட்டது. தோரப்ஜி டாட்டா முதல் தலைவராகவும் நோரன் முதல் செயலாளராகவும் பொறுப்பேற்றனர். அடுத்த ஆண்டு பாட்டியாலா மகாராசா பூபிந்தர் சிங் தலைவராகவும், சோந்தி செயலாளராகவும் ஆயினர். 1925 இல் அமைந்த இந்திய வளைகோற்பந்துக் கூட்டமைப்பின் அணி, 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் வென்றது.

சோந்தி பின்னர் 1934 இல் தில்லியில் மேற்காசிய விளையாட்டுப் போட்டிகளை நடத்துவதிலும், 1951 இல் தில்லியில் நடைபெற்ற முதல் ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்கு வழிவகுத்ததிலும் பெரும்பங்கு ஆற்றினார். ஒலிம்பிக் சங்கத்தின் தொடக்க காலப் பணியாளர்களில் பலர் கல்லூரி ஆசிரியர்களாகவோ, உடற்பயிற்சிப் பொறுப்பாளர்களாகவோ இருந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

கல்லூரிப் போட்டிகளின் அமைப்பு

போட்டி முறைகள்

ஒய். எம். சி. ஏ. வழியில் வந்த உடற்கல்விப் படிப்பில், போட்டிகளை அமைத்து நடத்துவது ஒரு பாடமாகவே இடம்பெற்றது. இரண்டு முறைகள் இதில் முதன்மையானவை.

- வெளியேற்ற முறை (நாக்-அவுட்): தோற்ற அணி உடனே வெளியேறும். 11 அணிகள் பங்கேற்றால், 11 ஐ விடப் பெரிய அடுத்த இருமடிப்பெருக்க எண்ணாகிய 16 ஐக் கணக்கில் கொண்டு, 16 − 11 = 5 அணிகளுக்கு முதற்சுற்றில் ஆடாமலேயே முன்னேறும் வாய்ப்பு (பை) வழங்கப்படும். மொத்தம் 10 ஆட்டங்களில் போட்டி முடிந்துவிடும்.
- சுழல் முறை (லீக்): ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளுடனும் ஆடும். 10 அணிகளுக்கு 45 ஆட்டங்கள் தேவை.

வெளியேற்ற முறையில் செலவு குறைவு. ஆனால் வெளியூரிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து வரும் கல்லூரி அணி, ஒரே ஆட்டத்தில் தோற்றுத் திரும்ப நேரிடும். சுழல் முறை நியாயமானது. ஆனால் 40 கல்லூரிகள் ஒன்றோடொன்று ஆட வேண்டுமானால் 780 ஆட்டங்கள் தேவைப்படும். அதே 40 கல்லூரிகளை எட்டு எட்டாக ஐந்து பிரிவுகளாகப் பிரித்தால், பிரிவுக்கு 28 வீதம் 140 ஆட்டங்கள் போதும். பிரிவு வெற்றியாளர்கள் பின்னர் தமக்குள் மோதலாம். வட்டாரம் வாரியாகக் கல்லூரிகளைத் தொகுப்பதன் அடிப்படைக் காரணம் இக்கணக்கே. அமெரிக்க மாநாடுகளுக்கும் இந்திய மண்டலங்களுக்கும் இது பொதுவானது.

பல்கலைக்கழகப் பிரிவினையும் அணிமாற்றமும்

அமெரிக்காவில் ஒரு கல்லூரி எந்தக் கூட்டமைப்பில் ஆடுவது என்பதைத் தானே முடிவு செய்கிறது. இந்தியாவில் அது அக்கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டுள்ளது என்பதைப் பொறுத்தது. இணைவுக் கல்லூரிகள் தமக்குள் போட்டியிட்ட பின், சிறந்த வீரர்களைக் கொண்டு பல்கலைக்கழக அணி தேர்ந்தெடுக்கப்படுகிறது. அவ்வணி மண்டலப் போட்டியிலும், பின்னர் அனைத்திந்தியப் பல்கலைக்கழகப் போட்டியிலும் பங்கேற்கிறது. 1925 இல் அமைந்த பல்கலைக்கழகங்களுக்கிடையிலான வாரியமும், 1973 இல் அதன் பெயராக வந்த இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கமும் இதற்குப் பொறுப்பு வகித்து வந்துள்ளன. பல்கலைக்கழகங்களுக்கான ரோகிண்டன் பாரியா கிரிக்கெட் கோப்பை 1935–36 இல் தொடங்கியது. ஒட்டுமொத்தமாகச் சிறந்து விளங்கும் பல்கலைக்கழகத்துக்கு மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை 1956–57 முதல் வழங்கப்படுகிறது.

1857 இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் எல்லை தொடக்கத்தில் தென்னிந்தியா முழுவதும் பரவியிருந்தது. அது படிப்படியாகச் சுருங்கியபோது, கல்லூரி விளையாட்டின் வரைபடமும் மாறியது.

- 1916: மைசூர்ப் பல்கலைக்கழகம்
- 1926: ஆந்திரப் பல்கலைக்கழகம்
- 1929: அண்ணாமலைப் பல்கலைக்கழகம்
- 1937: திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம்
- 1954: திருவேங்கடவன் பல்கலைக்கழகம், திருப்பதி
- 1966: மதுரைப் பல்கலைக்கழகம்
- 1982: பாரதியார், பாரதிதாசன் பல்கலைக்கழகங்கள்
- 1990: மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம்
- 1997: பெரியார் பல்கலைக்கழகம்
- 2002: திருவள்ளுவர் பல்கலைக்கழகம்

பாளையங்கோட்டையில் 1923 இல் தொடங்கப்பட்ட தூய சவேரியார் கல்லூரி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அக்கல்லூரி 1966 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழும், பின்னர் 1990 வரை மதுரையின் கீழும், அதன் பின் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழும் இயங்கியது. மைதானம் மாறவில்லை, அணியின் எதிராளிகள் இரண்டு முறை மாறினர்.

வட தமிழகத்தில் பாலாற்றுப் பகுதி மற்றோர் எடுத்துக்காட்டு. 1947 இல் தொடங்கப்பட்ட காஞ்சிபுரம் பச்சையப்பன் ஆடவர் கல்லூரியும், வேலூர் ஊரிசு கல்லூரியும் நெடுங்காலம் சென்னைப் பல்கலைக்கழகப் போட்டிகளிலேயே பங்கேற்றன. 2002 இல் வேலூர்ப் பகுதிக் கல்லூரிகள் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்துக்குச் சென்றன. காஞ்சிபுரம் சென்னையோடு தங்கியது. ஓரிக்கை, பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளிலிருந்து காஞ்சிபுரம் கல்லூரியில் சேரும் மாணவர், சென்னை நகரின் பெரிய கல்லூரிகளோடு போட்டியிட்டே பல்கலைக்கழக அணியில் இடம்பெற வேண்டும். அதே ஆற்றின் மேற்கே வேலூரில் சேரும் மாணவருக்கு வாய்ப்பின் அளவு வேறு. புதிய பல்கலைக்கழகம் ஒன்று அமையும்போது ஒரு புதிய அணியும், அதனால் சிறு நகர மாணவர்களுக்குப் புதிய இடங்களும் உருவாகின்றன. மறுபுறம், வலிமை மிக்க பழைய எதிராளிகளோடு ஆடும் வாய்ப்பு குறைகிறது.

இப்பிரிவினைகளைக் கடந்து கல்லூரிகளை ஒன்றுசேர்ப்பவை அழைப்புப் போட்டிகள் ஆகும். சென்னை இலயோலாக் கல்லூரி தன் நிறுவனர் பெயரால் நடத்தும் பெர்ட்ராம் நினைவுப் போட்டி இவற்றுள் புகழ் பெற்றது.

அமெரிக்காவுடன் ஒப்பீடு

பக்கின் தாய்நாட்டில் கூட்டமைப்புகளின் மாற்றம் வேறு காரணங்களால் நிகழ்ந்தது. 1984 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, கல்லூரிக் கால்பந்தின் தொலைக்காட்சி உரிமையைத் தேசியச் சங்கத்தின் பிடியிலிருந்து விடுவித்தது. அதன் பின் கூட்டமைப்புகள் தாமே ஒப்பந்தம் செய்துகொண்டன. வருவாய் மிகுந்த கூட்டமைப்பை நோக்கிக் கல்லூரிகள் நகர்ந்தன. 2024 இல் பசிபிக் கடற்கரைப் பல்கலைக்கழகங்களான தென் கலிபோர்னியா, லாஸ் ஏஞ்சலசு கலிபோர்னியா, ஒரேகான், வாசிங்டன் ஆகியவை "பிக் டென்" கூட்டமைப்பில் சேர்ந்தன. பத்து என்னும் பெயர் கொண்ட அக்கூட்டமைப்பு 18 உறுப்பினர்களை உடையதாயிற்று. அவை விட்டு வந்த "பேக்-12" கூட்டமைப்பு அவ்வாண்டில் இரண்டு உறுப்பினர்களோடு நின்றது. அருகில் உள்ளவர்கள் குறைந்த செலவில் ஆட வேண்டும் என்று தொடங்கிய ஏற்பாடு, ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரைக்கு மாணவர்களைப் பறக்கவைக்கும் ஏற்பாடாக மாறியது.

தமிழகத்தில் கல்லூரி விளையாட்டுக்கு அத்தகைய வருவாய் இல்லை. ஆகவே இங்கு எல்லைகள் நிருவாக வசதியை ஒட்டியே மாறின. இரண்டு நாடுகளிலும் ஒன்று பொதுவானது: எல்லை எங்கு வரையப்படுகிறது என்பதை மைதானத்தில் ஆடும் மாணவர் தீர்மானிப்பதில்லை.

பரவல்

பக்கின் கல்லூரியைத் தொடர்ந்து இந்தியாவின் பிற பகுதிகளிலும் உடற்கல்விக் கல்லூரிகள் தோன்றின. 1931 இல் ஐதராபாத்திலும், 1932 இல் இலக்னோவிலும், 1938 இல் பம்பாயின் காந்திவலியிலும் இவை அமைந்தன. சென்னையில் பயின்ற பி. எம். ஜோசப், காந்திவலி நிறுவனத்தின் முதல்வராகவும், 1957 இல் குவாலியரில் தொடங்கப்பட்ட இலட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரியின் முதல்வராகவும் பணியாற்றினார். இவ்வாறு சென்னைப் பள்ளியின் பாடமுறை வட இந்தியாவுக்கும் சென்றது.

மதிப்பீடு

பக்கின் பணி குறித்து மாறுபட்ட கருத்துகளும் உள்ளன. இந்தியாவில் உடற்பயிற்சி மரபு அவருக்கு முன்பே செழித்திருந்தது. மல்யுத்தக் கூடங்களும் சிலம்பக் கூடங்களும் ஊர்தோறும் இருந்தன. 1914 இல் அமராவதியில் தொடங்கப்பட்ட அனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல், நாட்டு உணர்வோடு உள்நாட்டு ஆட்டங்களை வளர்த்தது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது அவ்வமைப்பின் குழுவினர் அங்கு கபடியை ஆடிக் காட்டினர். அமெரிக்க ஆட்டங்களையும் ஆங்கில வழிப் பயிற்சியையும் முன்னிறுத்திய கல்விமுறை, ஊர்க் கூடங்களின் ஆசான்களைத் தகுதிச் சான்று இல்லாதவர்களாக ஒதுக்கிவிட்டது என்பது ஒரு விமர்சனம்.

எனினும், கூடத்தின் ஆசான் தாம் தேர்ந்தெடுத்த சீடர்களுக்கே கற்பித்தார். மன்றங்களோ இனமும் சாதியும் செல்வமும் பார்த்தே உறுப்பினர்களைச் சேர்த்தன. பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் மட்டுமே வகுப்பில் உள்ள எல்லாரையும் மைதானத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டியவராக இருந்தார். இது இன்றும் முழுமையாக நிறைவேறவில்லை. பல பள்ளிகளில் தேர்வு நெருங்கும்போது முதலில் பறிபோவது "பி. டி. பீரியட்" எனப்படும் விளையாட்டு நேரமே. விளையாட்டு நேரத்தைக் கல்வியின் ஒரு பகுதியாகக் கொள்ள வேண்டும் என்ற பக்கின் கோரிக்கை, இக்காரணத்தால் ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் பொருளுடையதாகவே உள்ளது.

மறைவும் நினைவும்

பக் 1943 இல் மறைந்தார். இந்தியா விடுதலை பெற்றதையோ, 1951 இல் தில்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றதையோ அவர் காணவில்லை. அவர் தொடங்கிய கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைவுக் கல்லூரியாகப் பட்டப்படிப்புகளை வழங்கி வந்தது.

2005 இல் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் செயற்படத் தொடங்கியது. மாநிலத்தின் உடற்கல்விக் கல்லூரிகள் தாம் சார்ந்திருந்த பல்கலைக்கழகங்களிலிருந்து பிரிந்து அதனோடு இணைந்தன. நந்தனம் கல்லூரியும் அவ்வாறே இணைந்தது. 1920 இல் ஐந்து மாணவர்களோடு தொடங்கிய படிப்புக்கு, 85 ஆண்டுகளுக்குப் பின் தனியாக ஒரு பல்கலைக்கழகம் அமைந்தது. 2020 இல் நந்தனம் கல்லூரி தன் நூற்றாண்டை எட்டியது.

இவற்றையும் பார்க்கவும்

- ஒய். எம். சி. ஏ. உடற்கல்வியியல் கல்லூரி, நந்தனம்
- இந்திய ஒலிம்பிக் சங்கம்
- தோரப்ஜி டாட்டா
- குரு தத் சோந்தி
- புச்சி பாபு நாயுடு
- சென்னைப் பல்கலைக்கழகம்
- தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம்